டெஸ்ட் பண்ணாத பவர் சப்ளை

செஞ்சி பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் உத்திராபதிக்கு ஒரு பெருமை உண்டு. பதினோரு வருஷத்தில் அவன் கை வைத்த பெட்டி எதுவும் குறை என்று திரும்பி வந்ததில்லை. இதை அவன் தன் வாயால் சொல்ல மாட்டான். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டான். ஸ்குரூ டிரைவரைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். அமாவாசை வந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இரண்டே கால் மணிக்கு, மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லாத நெரிசலில் நின்றபடி தோள்பைக்குள் கையை விட்டான். அந்தப் பெருமை அங்கேயே முடிந்துபோனது.

மேல்மலையனூரில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் இனியன்தான் போன் செய்திருந்தான். அமாவாசைக் கூட்டம் கடையை மொய்க்கிறது, பில் போடுகிற மிஷின் படுத்துவிட்டது, வரும்போது பிரின்டர் கேபிள் ஒன்று இருந்தால் எடுத்து வா என்றான். இருக்கிறதா என்று பார்க்கத்தான் பைக்குள் கை போனது. கையில் அகப்பட்டதோ வேறு ஒரு கேபிள் சுருள். கட்டுக்கூடப் பிரிக்காத புதுச் சுருள். ஜானகியின் பெட்டிக்கு அன்று காலை அவன் மாட்டிய புது பவர் சப்ளையோடு வந்தது, ஹார்டு டிஸ்குக்குக் கரண்ட் கொண்டுபோகிற கேபிள்.

இது இங்கே பையில் இருக்கிறது என்றால் அங்கே பெட்டிக்குள் மாட்டியிருப்பது எது? கேட்டுக்கொண்ட அதே நொடியில் பதிலும் தெரிந்துவிட்டது. பழைய பவர் சப்ளையின் கேபிள். அது அங்கே இருக்கவே கூடாது.

ஜானகி செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்துகிறவள். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது அவள் புருஷன் விக்ரமன்; அவன் எடுத்து வந்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது இவள். ஆவணி முகூர்த்தத்தில் எடுத்த ஆறு கல்யாணங்கள் அவள் பெட்டிக்குள் இருந்தன. ஜாக்கிரதையான பெண். ஒவ்வொன்றையும் இரண்டு டிஸ்கில் போட்டு வைத்திருந்தாள். ஆனால் அந்த இரண்டு டிஸ்கும் ஒரே பெட்டிக்குள், ஒரே கரண்ட் கேபிளில், ஒன்றன்கீழ் ஒன்றாக. கேமராவில் இருந்ததையெல்லாம் அழித்து விக்ரமன் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பியாகிவிட்டது. டிஸ்க் போனால் ஆறு மாப்பிள்ளைகளையும் கூப்பிட்டு இன்னொருதரம் தாலி கட்டச் சொல்ல முடியுமா?

அந்த ஆறில் ஒன்று மளிகைக் கடை வீராசாமி வீட்டுக் கல்யாணம். மகள் யுவஸ்ரீயைக் கட்டிக் கொடுத்த இருபத்து மூன்றாம் நாள் காலையில், கடையில் உட்கார்ந்தபடியே வீராசாமி சாய்ந்துவிட்டார். அவர் நடந்து, சிரித்து, நாலு பேரோடு பேசுகிற வீடியோ என்று உலகத்தில் இருப்பது அந்தக் கல்யாணத்தில் எடுத்தது மட்டும்தான். அவர் சம்சாரம் ரத்தினம்மாள் ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்து ஆயிடுச்சா என்று கேட்டுவிட்டு, ஆகவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவாள்.

ஆகாமல் இழுத்ததற்குக் காரணம் ஒரு நல்ல காரியம். சென்னையில் வேலை பார்க்கும் ஜானகியின் தம்பி ரஞ்சித், அக்காவின் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று புது கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி அனுப்பினான். மாட்டினால் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. முடித்த வீடியோவை வெளியே எடுக்கப் போனால் மட்டும் ஐந்தாவது நிமிஷம் பெட்டி பொட்டென்று அணைந்துவிடும். உத்திராபதி வந்து பார்த்த உடனே சொல்லிவிட்டான், உள்ளே இருக்கும் நானூற்றைம்பது வாட் பவர் சப்ளை இந்தக் கார்டுக்குக் காணாது என்று.

ரஞ்சித் போனிலேயே கணக்குப் போட்டான். கார்டுக்கு இருநூற்றிருபது, பிராசசருக்கு நூற்றிருபது, மற்றதெல்லாம் சேர்த்தாலும் நானூறைத் தாண்டாது. ரொம்பப் பயமாக இருந்தால் ஐந்நூற்றைம்பது வாங்குங்கள், அதற்கு மேல் தண்டம் என்றான். உத்திராபதி அசையவில்லை. ஜானகி வல்லத்துப் பக்கம் விவசாய வீட்டில் பிறந்தவள் என்பது அவனுக்குத் தெரியும்.

"உங்க கெணத்து மோட்டாரைப் போடும்போது வீட்டு பல்பு மங்குது இல்ல? ஓட ஆரம்பிச்சிட்டா கொஞ்சம்தான் இழுக்கும், எழும்பும்போது மூணு பங்கு கேக்கும். இந்தக் கார்டும் அதேதான். மோட்டாரு ஒரு தரம் எழும்பும். இது வேலை செய்யச் செய்ய எழும்பிக்கினே இருக்கும். அட்டையில போட்டிருக்கிறது ஓடுற கணக்கு. எழும்புற கணக்கை எவனும் போடமாட்டான்."

ஜானகிக்குப் புரிந்துவிட்டது. தம்பியிடம் அவளே பேசி முடித்தாள். உத்திராபதி புதுச்சேரிக்குப் போய், எழுநூற்றைம்பது வாட்டில் நாலு கம்பெனி பவர் சப்ளைகளைக் கையில் தூக்கிப் பார்த்தான். செஞ்சியில் பவர் சப்ளை வாங்குகிறவன் எவனும் முதலில் கனம்தான் பார்ப்பான். உள்ளே செம்பும் இரும்பும் சரியாக இருந்தால்தான் கை தாழும். பிறகு கார்டுக்குப் போகும் வயர் இரண்டும் தனித்தனியாக வருகிறதா, ஒரே வயரைக் கடைசியில் இரண்டாகப் பிரித்து ஏமாற்றியிருக்கிறானா என்று பார்த்தான். எல்லாம் பார்த்துத் திருப்தியாகி ஒன்றை எடுத்து வந்தான். பெரிய விஷயத்திலெல்லாம் அவன் தப்புப் பண்ணவில்லை. சின்ன விஷயத்தில்தான் கோட்டை விட்டான்.

அதுவும் எப்படி? மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெட்டியை முதன்முதலில் மாட்டியவனும் உத்திராபதிதான். டிஸ்குக்குப் போகும் கேபிளைப் பெட்டியின் பின்பக்கத் தகட்டோடு ஒட்டி, ஏழு இடத்தில் கட்டி, ஒரு வயர்கூட வெளியே தெரியாமல் இழுத்திருந்தான். இன்று காலையில் மற்ற பழைய கேபிள்களையெல்லாம் உருவிப் போட்டுப் புதிதாக மாட்டினான். இந்த ஒன்றை அறுக்க மட்டும் மனசு வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. முனையைப் புது பவர் சப்ளையின் ஆறு துளை சாக்கெட்டில் வைத்தான்; அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து இனியனின் போன் வந்தது.

டிஸ்க் பக்கத்து முனை எந்தக் கம்பெனி கேபிளாக இருந்தாலும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கத்து முனை அப்படியில்லை. சாக்கெட்டின் வடிவம் ஒன்றாகவே இருந்தாலும், எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐந்து வோல்ட் போக வேண்டிய கம்பியில் பன்னிரண்டு போனால் டிஸ்க் அந்த நொடியே கருகிவிடும். ஒரு கம்பெனி பவர் சப்ளைக்கு இன்னொரு கம்பெனி கேபிளைப் போடாதே என்று உத்திராபதியே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறான்.

மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். பார்க்காமல் அவன் எந்தப் பெட்டியையும் மூடியதில்லை. ஆனால் பார்க்க வேண்டுமானால் ஆன் பண்ண வேண்டும். கடைசி ஸ்குரூவை முடுக்கும்போது மணி ஒன்று முப்பத்தைந்து. வியாழக்கிழமை ஒன்றரைக்கே ராகு காலம் பிறந்துவிடும். அமாவாசை நிறைந்த நாள், மூன்று மணிக்கு மேல் சூடம் காட்டித்தான் புதுசாக ஆன் பண்ண வேண்டும், ரத்தினம்மாளையும் அந்த நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வீராசாமி ஐயாவின் வீடியோவைத்தான் முதலில் ஓட்டப் போகிறேன் என்று ஜானகி தயங்கித் தயங்கிச் சொன்னாள். வேறு நாளாக இருந்தால் உத்திராபதி மூன்று மணி வரை உட்கார்ந்திருப்பான். இனியன் அதற்குள் நாலு தரம் போன் செய்துவிட்டான்.

"கண்ணை மூடிக்கினு ஆன் பண்ணும்மா. நான் மாட்டுன பெட்டி" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கேபிள்களை வாரிப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினான்.

இப்போது மணி இரண்டு இருபது. ஜானகிக்குப் போன் போட்டான். போகவில்லை. திரும்பப் போட்டான். அமாவாசையன்று மேல்மலையனூரை நெருங்க நெருங்க லட்சம் போன்கள் ஒரு டவரைப் பிடித்து உலுக்கும். பக்கத்தில் நிற்கிறவனோடு பேசுவதற்கே கத்த வேண்டியிருக்கும்போது செஞ்சிக்கு எங்கே பேசுவது. ஆன் பண்ணாதே என்று வாட்ஸப்பில் எழுதி அனுப்பினான். ஒற்றை டிக்கோடு நின்றுபோனது. பஸ்ஸும் அதே இடத்தில் நின்றது. முன்னால் வேன், கார், டிராக்டர் என்று கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கினான். யார் காலை மிதித்தான், யார் என்ன சொல்லித் திட்டினார்கள், எதுவும் காதில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் ஓடி நின்றான். செஞ்சிக்குத் திரும்பும் ஸ்பெஷல் பஸ்கள் காலியாகத்தான் வந்தன. அடுத்த நடைக்கு ஆள் ஏற்றும் அவசரத்தில் ஒன்றும் நிற்கவில்லை. கையை ஆட்டினான், கத்தினான், ரோட்டின் நடுவில்கூடப் போய் நின்றான். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஒதுங்கிப் போய்விட்டார். நேரம் இரண்டு முப்பத்தொன்று.

கடைசியில் ஒரு மொபெட் நின்றது. முன்னால் ஒரு மூட்டை மணிலாக் கடலை, மேலே ஒல்லியாக ஒரு ஆள். பெயர் அன்புமணி என்று பிறகு தெரிந்தது. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டார். ஹார்டு டிஸ்க் என்று சொன்னால் ஏற்றிக்கொள்ள மாட்டாரோ என்று உத்திராபதி தலையை மட்டும் ஆட்டினான். அவர் மேலே கேட்காமல் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கைப்பிடியை முழுசாக முறுக்கினார். முழுசாக முறுக்கியும் முள் நாற்பதைத் தொடவில்லை. ஒரு இடத்தில் ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. கடைசி ஆடு கடக்கும்வரை உத்திராபதி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வழியெல்லாம் போன் போட்டுக்கொண்டே வந்தான். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி கண்ணில் பட்ட பிறகுதான் மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது, மறுபடியும் எடுக்கவில்லை. இரண்டு ஐம்பத்திரண்டு. ஊருக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருந்தது. மூன்று மணிக்குள் முடியாது என்பது தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. யாருக்குத் தெரியும்? டிஸ்க் இரண்டும் மூன்று வருஷப் பழசு. பழைய டிஸ்க் சாவது ஊரில் நடக்காத விஷயமா? பார்க்கிறேன் என்று பெட்டியைத் திரும்பத் திறந்து, பழைய கேபிளை உருவிப் பைக்குள் போட்டு, பையில் இருப்பதை அங்கே மாட்டிவிட்டால் கேட்க ஆள் கிடையாது. ஜானகி அழுவாள். ரத்தினம்மாள் எப்போதும்போல ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவாள். பதினோரு வருஷத்துப் பேர் மட்டும் அப்படியே இருக்கும். டிஸ்க் பழசும்மா, அதுக்கு வயசாயிடுச்சு, நாம இன்னா பண்றது. வார்த்தைகளை வரிசையாக அடுக்கி, எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பதுவரை சொல்லிப் பார்த்துக்கொண்டான். நம்ப மாட்டீர்கள், அது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இறங்கும்போது மூன்று மணி தாண்டி ஏழு நிமிஷம். அன்புமணிக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் ஓடினான்.

ஸ்டூடியோ வாசலிலேயே சூடம் மணத்தது. உள்ளே மேஜைமேல் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் கார்டின் விசிறிகள் ஓசையில்லாமல் சுற்றின, திரையில் பளிச்சென்று, டிஸ்க் செத்தாலும் வருகிற வெறும் நீலம். அவன் தேர்ந்தெடுத்த பவர் சப்ளை சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. டிஸ்க் இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்து இருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை. தெரிய என்ன இருக்கிறது, எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஜானகி மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நாற்காலியில் ரத்தினம்மாள், வெளியூர் போகிறவள்போலப் புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலையை வழித்துச் சீவி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாப்பா" என்றாள் ரத்தினம்மாள். "மிஷினுல லைட்டு எரியுது பாரு. இனிமே அவரைக் காட்டச் சொல்லு."

வழியெல்லாம் அடுக்கி வைத்த வார்த்தைகள் நாக்கு நுனியில்தான் இருந்தன. ரத்தினம்மாளின் முகத்தைப் பார்த்தான். அவரைக் காட்டச் சொல்லு என்று அவள் சொன்ன விதம், வீராசாமி பக்கத்து அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. உத்திராபதியால் முடியவில்லை.

"காட்ட முடியாதும்மா" என்றான். "எம்மேல தப்பு. டிஸ்குக்குப் பழைய கேபிளையே மாட்டிட்டேன், டெஸ்ட் பண்ணாமலும் போயிட்டேன். ஆன் பண்ணும்போதே ரெண்டும் எரிஞ்சிருக்கும். அவரு வீடியோ போச்சு. ஆறு கல்யாணமும் போச்சு. வேற யாரும் காரணமில்ல, நான்தான்."

ரத்தினம்மாளுக்குக் கேபிளும் தெரியாது, டிஸ்கும் தெரியாது. போச்சு என்பது தெரிந்தது. அவள் மெதுவாக ஜானகியைத் திரும்பிப் பார்த்தாள். உத்திராபதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜானகி மேஜை டிராயரை இழுத்தாள். உள்ளே மடித்த துண்டின்மேல் இரண்டு டிஸ்கும் இருந்தன.

"நீங்க பஸ்ஸுக்குப் போனதுமே கழட்டி வெச்சுட்டேண்ணா."

உத்திராபதி டிராயரையே பார்த்தான். உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அது அவனுக்கு அந்த நிமிஷம் நடந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டான். ஏன் கழற்றினாய் என்று கேட்டான்.

"டெஸ்ட் பண்ணாம போனீங்களே."

கோபம் இல்லை, குத்தலும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். ராகு காலத்தில் ஆன் பண்ணக் கூடாதே தவிர, கழற்றுவதற்கு என்ன வந்தது என்று அவளே எழுந்து கழற்றியிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு ஆன் பண்ணு என்று அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது, சரிங்கண்ணா என்று தலையாட்டியவள்தான் இவள். பதினோரு வருஷப் பெருமையை இவள் ஒரு ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. காலில் விழலாம்போலவும் இருந்தது.

பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அணைத்து, டிஸ்குகளை அதே கேபிளில் மாட்டலாம் என்று இருந்ததாக ஜானகி சொன்னாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இரண்டு நிமிஷம்தான் பாக்கி. சொல்லும்போதே அவள் முகம் வெளுத்தது. சார்ஜரில் சவுண்டு இல்லாமல் கிடந்த போனை எடுத்துப் பார்த்தாள், அவன் அழைப்பு மட்டும் பதினாறு. போனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"வழியில இன்னா சொல்லலாம்னு நெனச்சிக்கினு வந்தீங்க?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று உத்திராபதி கேட்கவில்லை.

"டிஸ்க் பழசு, அதான் போயிடுச்சுன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"இதை டிராயர்ல வெச்சுக்கினு" என்றாள் ஜானகி, "நானும் அதைக் கேட்டுக்கினு நின்னிருப்பேன்."

ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம் வாயிலிருந்து விழுந்திருந்தால், செஞ்சியில் அவன் இனி எந்த வீட்டுப் படியையும் நிமிர்ந்து ஏறியிருக்க முடியாது. அவன் பெட்டியை அணைத்து, சுவரிலிருந்து திருப்பி, பின்பக்க மூடியைக் கழற்றினான். ஏழு கட்டுகளையும் அறுத்தான். பழைய கேபிளை உருவி எறிந்துவிட்டு, பையிலிருந்த சுருளைப் பிரித்து மாட்டி, மீட்டரை வைத்தான். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது, பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. பிறகு, எவரையும் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க விடாதவன், நீயே வந்து பாரும்மா என்று ஒதுங்கி நின்றான். ஜானகி குனிந்து எண்களைப் படித்தாள். இன்னொரு தரம் வைக்கச் சொன்னாள். வைத்தான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மாள், "இருக்காரா, இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"இருக்காரும்மா" என்றாள் ஜானகி.

டிராயரிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்து உத்திராபதியிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, அடுத்ததற்காகக் கையை நீட்டியபடியே நின்றான். அவள் டிராயரை மூடினாள்.

"மொதல்ல இது ஓடட்டும்ணா."